தாமரை இலையில் தண்ணி ஒட்டாதது ஏன்? நெல்லுக்கு அடிக்கிற மருந்து வழிஞ்சு போறதுக்கும் அதுதான் காரணம்!

பட்டும் படாமலும் பழகுகிறவர்களைச் சொல்ல "தாமரை இலைத் தண்ணீர்" என்பதைவிடப் பொருத்தமான உவமை நம் ஊரில் இல்லை. ஆனால் அந்த இலையில் தண்ணீர் ஏன் ஒட்டுவதில்லை என்று கேட்டுப் பாருங்கள். "இலை வழவழன்னு இருக்கும், மெழுகு பூசின மாதிரி இருக்கும், அதான்" என்பார்கள் பலர்.

இதில் பாதிதான் சரி. மெழுகு இருப்பது உண்மை. வழவழப்பு என்பது நம் கண் செய்யும் ஏமாற்று. மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் தாமரை இலையின் மேல்பக்கம் மேடும் பள்ளமுமாக, படு சொரசொரப்பாக இருக்கிறது. அந்தச் சொரசொரப்பு இல்லாவிட்டால் வெறும் மெழுகை மட்டும் வைத்துக்கொண்டு தண்ணீரை இப்படி உருட்டி விடவே முடியாது.

இலைக்கும் தண்ணிக்கும் உள்ள பிரச்னைதானே, நமக்கென்ன என்று கடந்து போக முடியாது. வயலில் அடிக்கிற பூச்சிமருந்து இலையில் தங்குகிறதா, தரையில் வழிகிறதா என்பதை இதே சொரசொரப்புதான் முடிவு செய்கிறது. எண்ணெய்க் கசிவில் சிக்கிய பறவை பிழைக்குமா என்பதிலும், ரெயின்கோட்டில் பூசும் ரசாயனத்துக்கு வெளிநாடுகள் தடை போடுவதிலும் இதற்குப் பங்கு இருக்கிறது.

ஒரு சொட்டின் ஓரத்தைப் பாருங்க!

நன்றாகக் கழுவிய கண்ணாடியில் ஒரு சொட்டு தண்ணீர் விட்டால் பரவிப் படுத்துவிடும். அதே சொட்டை நான்-ஸ்டிக் தவாவில் விட்டால் குண்டாக எழுந்து உட்காரும். தண்ணீரின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக்கொள்ளப் பார்க்கின்றன. கீழே இருக்கும் பரப்பும் தன் பக்கம் இழுக்கிறது. இந்த இழுபறியில் யார் ஜெயிக்கிறார்கள் என்பதைச் சொட்டின் வடிவமே காட்டிக் கொடுத்துவிடும்.

சொட்டின் ஓரம் பரப்பைத் தொடும் இடத்தில், தண்ணீருக்குள்ளே உண்டாகும் கோணத்துக்குத் தொடுகோணம் என்று பெயர். அது 90 டிகிரிக்குக் கீழே இருந்தால் அந்தப் பரப்பு தண்ணீரை விரும்புகிறது என்று அர்த்தம். 90-ஐத் தாண்டினால் விலக்குகிறது. 150-ஐத் தாண்டிவிட்டால் சொட்டு கிட்டத்தட்ட கோலிக்குண்டு. இந்தக் கோணத்துக்குப் பின்னால் உள்ள கணக்கை 1805-ல் விளக்கியவர் இங்கிலாந்தின் தாமஸ் யங். இன்று பாடப்புத்தகங்களில் அவர் பெயரில் ஒரு சமன்பாடு இருக்கிறது. அவரோ அந்தக் கட்டுரையில் சமன்பாடே எழுதாமல் எல்லாவற்றையும் வார்த்தைகளிலேயே சொல்லியிருந்தார்.

யங் சொன்னது வழவழப்பான பரப்புக்கு. அதற்கு ஓர் உச்சவரம்பு உண்டு. தண்ணீரை மிக அதிகமாக விலக்கும் வேதிப்பொருள் வகைகளில் ஃபுளோரின் கலந்தவை முக்கியமானவை. அவற்றை அச்சு பிசகாமல் வரிசையாக அடுக்கி ஒரு மழமழப்பான பரப்பைச் செய்தாலும், தொடுகோணம் சுமார் 119 டிகிரியோடு நின்றுவிடுகிறது என்று 1999-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அளந்து சொன்னார்கள். தாமரை இலையிலோ அது ஏறக்குறைய 160 டிகிரி. ஃபுளோரின் எதுவும் கிடையாது, சாதாரணத் தாவர மெழுகுதான்.

மீதி 40 டிகிரி எங்கிருந்து வந்தது?

உள்ளதைப் பெரிதாக்கும் சொரசொரப்பு

1936-ல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் மெலன் ஆய்வு நிறுவனத்தில் இருந்த ராபர்ட் வென்சல் இதற்கு முதல் விடையைச் சொன்னார். யோசனை எளிமையானதுதான். சமதளமான 1 சதுர செ.மீ. இடத்தில் 1 சதுர செ.மீ. பரப்புதான் இருக்கும். அதே இடத்தை மேடு பள்ளமாக்கினால், மடிப்புகளை எல்லாம் விரித்து அளக்கும்போது 2 சதுர செ.மீ. கூட வரலாம். அப்படியானால் அந்தப் பரப்புக்குத் தண்ணீர் மேல் இருக்கும் விருப்பமோ வெறுப்போ கூட இரண்டு மடங்காகத்தானே வேலை செய்யும்?

கணக்குப் போட்டால் இப்படி வருகிறது. வழவழப்பாக இருந்தபோது தொடுகோணம் 70 டிகிரி, அதாவது லேசாகத் தண்ணீரை விரும்பும் பரப்பு. சொரசொரப்பால் அதன் உண்மைப் பரப்பளவு இரட்டிப்பானால் கோணம் 47 டிகிரியாக இறங்குகிறது. சொட்டு இன்னும் நன்றாகப் பரவுகிறது. அதுவே 110 டிகிரி என்றால், அதாவது லேசாக விலக்கும் பரப்பு என்றால், கோணம் 133-ஆக ஏறுகிறது.

செய்தது ஒரே வேலை, விளைவு மட்டும் நேர் எதிர். பலரும் குழம்புகிற இடம் இதுதான். சொரசொரப்பு தண்ணீரை ஒட்டவைக்குமா, ஓட்டிவிடுமா என்று பொதுவாகக் கேட்டால் பதிலே கிடையாது. அது சாதுவை மகா சாதுவாக்கும், முரடனைப் படு முரடனாக்கும். அவ்வளவுதான்.

பாத்ரூம் ஜன்னலில் போடுகிற மங்கல் கண்ணாடியை நினைத்துப் பாருங்கள். அதன் சொரசொரப்பான பக்கத்தில் தண்ணீர் பட்டதும் அந்த இடம் தெளிவாகிவிடும். கண்ணாடி இயல்பிலேயே தண்ணீரை விரும்புவதால், தண்ணீர் பள்ளங்களில் எல்லாம் இறங்கி நிரப்பிவிடுகிறது. இரும்புக் கேட்டுக்கு பெயின்ட் அடிப்பதற்கு முன்னால் பெயின்டர் சாண்ட் பேப்பர் போட்டுத் தேய்ப்பதிலும் இந்தக் கணக்கு இருக்கிறது. துரு போவது ஒரு பலன். பெயின்ட் பரவிப் பிடிக்கக் கூடுதல் பரப்பு கிடைப்பது இன்னொன்று.

ஒரு விஷயம், இங்கே பேசுவது நுண்ணிய சொரசொரப்பைத்தான். சொட்டைவிடப் பெரிதாகக் கண்ணுக்குத் தெரியும் குழிகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

வாத்து ஏன் நனையவில்லை?

வென்சல் கணக்கு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு முக்கியமான ஆளை அது கணக்கில் எடுக்கவில்லை. காற்று!

அதைச் சேர்த்தவர்கள் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் கம்பளித் தொழிலுக்கான ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை பார்த்த கேஸி, பேக்ஸ்டர் ஆகிய இருவர். ஆண்டு 1944. துணியைத் தண்ணீர் புகாமல் செய்வது எப்படி என்பது அவர்களுடைய கேள்வி. துணி என்பது நூல்களும் இடைவெளிகளும்தான். அதன்மேல் ஒரு சொட்டு உட்கார்ந்தால், கீழே பாதி நூல், பாதி காற்று. காற்றைத் தண்ணீர் நனைக்க முடியாது. ஆக, சொட்டு நூலின் உச்சிகளில் மட்டும் தொட்டுக்கொண்டு, நடுவே காற்று மெத்தையில் மிதக்கிறது. ஆணிப்படுக்கையில் ஒருவர் படுத்திருப்பதைப் போல என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்தக் கணக்கைப் போட்டால் எண்கள் எகிறுகின்றன. அதே 110 டிகிரி மெழுகுதான். சொட்டு அதில் 10-ல் 1 பங்கு இடத்தை மட்டும் தொட்டு, மற்ற 9 பங்கு காற்றின்மேல் இருந்தால் தொடுகோணம் 159 டிகிரி. தாமரை இலையின் கணக்கு கிட்டத்தட்ட நேராகிவிட்டது!

வாத்து இறகையும் இருவரும் ஆராய்ந்தார்கள். வாத்து தன் உடலில் சுரக்கும் எண்ணெயை இறகில் தடவிக்கொள்வதால்தான் நனைவதில்லை என்று அதுவரை பேச்சு. எண்ணெயில் பெரிய விசேஷம் ஒன்றும் இல்லை, இறகு இழைகள் பின்னப்பட்டிருக்கும் நுணுக்கமான அமைப்புதான் காற்றைப் பிடித்து வைக்கிறது என்பது அவர்கள் கண்ட முடிவு.

இதன் மறுபக்கம் வேதனையானது. தண்ணீரைத் தாங்கும் இந்தக் காற்று மெத்தை எண்ணெயைத் தாங்காது. எண்ணெயின் பரப்பு இழுவிசை தண்ணீரில் பாதிகூட இருக்காது. அதனால் எளிதில் உள்ளே ஊறி, காற்றை வெளியே தள்ளிவிடும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் கலந்தபோது, உடலில் கறுப்பாக எண்ணெய் படிந்த கூழைக்கடாக்களின் படங்கள் வந்தது நினைவிருக்கலாம். அப்படிப்பட்ட பறவைக்கு அழுக்கு மட்டும் பிரச்னை இல்லை. இறகுக்குள் இருந்த காற்று போய்விட்டால் குளிரைத் தடுக்கும் போர்வையும் போய்விடுகிறது, மிதக்க உதவிய காற்றும் போய்விடுகிறது.

அழுக்கில்லாத இலையைத் தேடியபோது...

தாமரை இலைக்கு வருவோம். 1970-களில் ஜெர்மனியைச் சேர்ந்த தாவரவியலாளர் வில்ஹெம் பார்த்லாட் விதவிதமான இலைகளை எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்ப்பதற்கு முன் இலையைச் சுத்தம் செய்ய வேண்டும். அப்போது ஒரு விசித்திரம் கண்ணில் பட்டது. வழவழப்பான இலைகளைத்தான் ஒவ்வொரு முறையும் கழுவ வேண்டியிருந்தது. சொரசொரப்பான இலைகளில் அழுக்கே இல்லை! சொரசொரப்பில்தானே தூசி தங்கும்? இங்கே தலைகீழாக இருந்தது.

பின்னாளில் பான் பல்கலைக்கழகத்தில் அவரும் கிறிஸ்டோஃப் நைன்ஹுயிஸும் சேர்ந்து 1997-ல் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரைதான் 'தாமரை விளைவு' என்ற பெயரை உலகம் முழுக்கப் பரப்பியது. தாமரை இலையில் இரண்டு அடுக்குச் சொரசொரப்பு இருக்கிறது. முதலில் சுமார் 10 மைக்ரான் அளவுள்ள குமிழ் போன்ற மேடுகள். நம் தலைமுடியின் தடிமனில் இது ஏழில், எட்டில் ஒரு பங்குதான் வரும். ஒவ்வொரு மேட்டின் மேலும் அதைவிடப் பல மடங்கு சிறிய மெழுகுக் குழாய்கள். தூசி அந்த உச்சிகளில் மட்டும் உட்கார்ந்திருப்பதால் இலையை இறுகப் பிடிக்க முடிவதில்லை. உருண்டு வரும் தண்ணீர்ச் சொட்டு அதைத் தன்னோடு ஒட்டி எடுத்துக்கொண்டு போய்விடுகிறது. சேற்றில் பூத்தும் சுத்தமாக இருப்பதன் ரகசியம் இவ்வளவுதான். நம்ம சேப்பங்கிழங்குச் செடியின் இலையிலும் இதே வித்தைதான். இந்த அடிப்படையில் மழையில் தானே சுத்தமாகும் சுவர் பெயின்ட் 1999-ல் ஜெர்மனியில் விற்பனைக்கே வந்துவிட்டது.

இதைச் செய்யப் பெரிய லேப் எதுவும் வேண்டாம் என்று 2010-ல் காட்டினார்கள் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள். டெஃப்லான் துண்டைச் சாதாரண சாண்ட் பேப்பரால் தேய்த்தார்கள். தொடுகோணம் 150 டிகிரிக்குப் போனது. (வீட்டு நான்-ஸ்டிக் தவாவில் முயற்சி செய்துவிடாதீர்கள். கோட்டிங் பெயர்ந்து சாப்பாட்டில் சேரும், திட்டு தனியாக விழும்.)

ரோஜாவுக்கு மட்டும் வேற ரூல்

சொட்டு உருண்டையாக இருந்தால் உருண்டு ஓடிவிடும் என்று நினைத்தால், ரோஜா இதழ் அதை உடைக்கிறது. அதன் தொடுகோணம் சுமார் 152 டிகிரி. ஆனால் இதழைத் தலைகீழாகத் திருப்பினாலும் சொட்டு விழாமல் தொங்கும். 2008-ல் சீன ஆய்வாளர்கள் இதற்குக் காரணம் கண்டார்கள். ரோஜா இதழின் மேடுகள் தாமரையைவிடப் பெரியவை, இடைவெளியும் அதிகம். தண்ணீர் பெரிய பள்ளங்களுக்குள் இறங்கிவிடுகிறது, மிக நுண்ணிய பள்ளங்களில் மட்டும் காற்று மிஞ்சுகிறது. அதனால் உருண்டையும் உண்டு, ஒட்டலும் உண்டு.

எல்லாமே அந்தக் காற்று இருக்கும் வரைதான். தாமரை இலையையே எடுத்துக்கொள்ளுங்கள். மேலே இருந்து விழும் மழைத்துளி உருண்டு ஓடும். ஆனால் நீராவி அதன்மேல் குளிர்ந்து தண்ணீராக மாறினால் அந்தத் தண்ணீர் பள்ளங்களுக்குள்ளேயே பிறக்கிறது. அது ஒட்டிக்கொள்கிறது என்று 2005-ல் ஓர் ஆய்வு காட்டியது. இலையை விரலால் அழுத்தித் தேய்த்தாலும் மெழுகுக் குழாய்கள் நசுங்கி, அந்த இடத்தில் தண்ணீர் ஒட்ட ஆரம்பித்துவிடும்.

வீட்டிலேயே பார்க்க ஒரு வழி: பழைய ஸ்பூனின் அடிப்பக்கத்தை மெழுகுவர்த்திச் சுடரில் காட்டிக் கரி படியவிட்டு, ஆறியதும் ஒரு சொட்டு தண்ணீர் விடுங்கள். பாதரசம் மாதிரி உருண்டு ஓடும். கரித்துகள்கள் நுண்ணிய வலையாகப் படிந்து காற்றைப் பிடித்துவைப்பதுதான் காரணம். ஒரே ஒரு முறை விரலால் தொட்டுவிட்டு மறுபடி விடுங்கள், கதை முடிந்தது. (ஸ்பூன் காம்பு சுடும். குழந்தைகள் தனியாகச் செய்ய வேண்டாம்.)

வயலில் நடப்பது என்ன?

நெல் இலையும் தாமரை வகையறாதான். அதன் நுண்மேடுகள் இலையின் நீளவாக்கில் வரிசை கட்டி நிற்கின்றன. அதனால் இலையை 3 முதல் 5 டிகிரி சாய்த்தாலே சொட்டு நீளவாக்கில் உருண்டு ஓடிவிடும். குறுக்குவாக்கில் ஓட 9 முதல் 15 டிகிரி சாய்க்க வேண்டும். காலையில் வயல் பக்கம் போகிறவர்கள் நெல் தாளில் தண்ணீர் முத்துமுத்தாக நிற்பதைப் பார்த்திருப்பார்கள்.

அழகுதான். ஆனால் முதுகில் ஸ்பிரேயர் கட்டிக்கொண்டு மருந்து அடிக்கிறவருக்கு இது தலைவலி. மருந்துக் கரைசலில் பெரும்பகுதி தண்ணீர்தானே? விழுந்த வேகத்தில் சொட்டு துள்ளி வெளியே போகும், இல்லையென்றால் உருண்டு அடியில் இறங்கும். பூச்சி இலையில் இருக்கும், மருந்து வரப்பிலும் வாய்க்காலிலும் இருக்கும். மருந்துக் காசும் ஆள் கூலியும் போவது போக, அந்த விஷம் மண்ணிலும் தண்ணீரிலும் சேர்கிறது. மெழுகுப் பூச்சு உள்ள வெங்காயத் தாள், முட்டைக்கோஸ் இலை ஆகியவற்றிலும் இதே சிக்கல்தான்.

வேப்பெண்ணெய்க் கரைசல் அடிக்கும்போது காதி சோப்போ டீப்பால் போன்ற ஒட்டும் திரவமோ சேர்க்கச் சொல்வது இதனால்தான். சோப்பு அங்கே இரண்டு வேலை செய்கிறது. எண்ணெயைத் தண்ணீரோடு கலக்க வைக்கிறது. தண்ணீரின் பரப்பு இழுவிசையைக் குறைத்து, இலையின் நுண்பள்ளங்களுக்குள் இறங்கவும் வைக்கிறது. காற்று மெத்தை காலியானதும் சொட்டு உருண்டை வடிவத்தை விட்டுவிட்டுப் பரவிப் படுத்துவிடுகிறது. "கொஞ்சம் சேர்த்தா நல்லது, அப்ப நிறைய சேர்த்தா இன்னும் நல்லதுதானே?" என்று அள்ளிப் போடக் கூடாது. சோப்பு கூடினால் இலை கருகும். லேபிளில் இருக்கும் அளவையோ வேளாண் அலுவலர் சொல்லும் அளவையோ தாண்ட வேண்டாம்.

இன்னொரு பாதையும் உண்டு. அமெரிக்காவின் எம்ஐடி-யில் கிருபா வாரணாசி குழுவினர் 2016-ல் ஒரு யோசனையை வெளியிட்டார்கள். மருந்தை இரண்டு பங்காகப் பிரித்து, ஒன்றில் நேர்மின்னூட்டமும் மற்றதில் எதிர்மின்னூட்டமும் கொண்ட பாலிமர்களைக் கலந்து ஒரே நேரத்தில் தெளிப்பது. இரண்டு சொட்டுகளும் இலைமேல் சந்திக்கும்போது தண்ணீரை விரும்பும் நுண்ணிய புள்ளிகள் அங்கே படிகின்றன. துள்ளப் பார்க்கும் சொட்டை அந்தப் புள்ளிகள் பிடித்து நிறுத்துகின்றன. வழுக்கும் இடத்தில் ஆங்காங்கே ஆணி அடித்து வைப்பது போல.

ரெயின்கோட் ரசாயனமும் தடையும்

ரெயின்கோட் துணியில் கேஸி-பேக்ஸ்டர் கணக்கு அப்படியே வேலை செய்கிறது. நூல் அமைப்பு காற்றைப் பிடிக்கிறது, நூலின்மேல் பூசிய ரசாயனம் தண்ணீரைத் தள்ளுகிறது. அந்தப் பூச்சுக்குப் பல ஆண்டுகளாகப் பயன்பட்டு வந்தவை பிஎஃப்ஏஎஸ் எனப்படும் ஃபுளோரின் சேர்மங்கள். இயற்கையில் எளிதில் சிதையாததால் 'அழியா ரசாயனங்கள்' என்று இவற்றுக்குப் பெயர். இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த பிஎஃப்ஓஏ என்ற பொருளை, மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2023-ல் வகைப்படுத்தியது.

அமெரிக்காவின் கலிபோர்னியா, நியூயார்க் மாகாணங்கள் 2025 ஜனவரி 1 முதல் பிஎஃப்ஏஎஸ் சேர்த்த புதிய ஆடைகளுக்குத் தடை கொண்டுவந்தன. கடும் மழையில் அணியும் ஆடைகளுக்கு மட்டும் 2028 வரை அவகாசம் கொடுத்தன. பிரான்சில் ஆடை, காலணிகளுக்கான தடை 2026 ஜனவரியில் அமலுக்கு வந்தது.

அப்போ ஃபுளோரின் இல்லாமல் ரெயின்கோட் வேலை செய்யாதா? மழைத் தண்ணிக்கு, செய்யும். தாமரையும் வாத்தும் மெழுகையும் சாதா எண்ணெயையும் வைத்துத்தானே சமாளிக்கின்றன? துணியின் நெசவு சரியாக இருந்தால் மெழுகு, சிலிக்கோன் வகைப் பூச்சுகளே மழையைத் தள்ளிவிடும். கைவிரிப்பது எண்ணெய் விஷயத்தில்தான். எண்ணெய்க் கறையும் சேர்த்து ஒட்டக் கூடாது என்றால் ஃபுளோரினுக்கு ஈடான மாற்று இன்னும் சுலபமாகக் கிடைக்கவில்லை. தீயணைப்பு வீரர் உடை, தொழிற்சாலைப் பாதுகாப்பு உடை போன்றவற்றில் இது உண்மையான சிக்கல். பைக்கில் ஆபீஸ் போகிறவருக்கு அது தேவையே இல்லை.

இப்படிப் பூச்சு உள்ள துணி ரெயின்கோட் வாங்கியவர்கள் அடிக்கடி சொல்லும் புகார், "முதல் வருஷம் சொட்டு உருண்டு ஓடுச்சு, இப்ப துணி ஊறுது" என்பது. பல நேரம் பூச்சு முழுசாகப் போயிருக்காது. அழுக்கும் சோப்புத்தூள் மிச்சமும் நூல் இடுக்குகளில் தங்கி, நெல் இலையில் காதி சோப்பு செய்த அதே வேலையைச் செய்துகொண்டிருக்கும். சோப்பைக் குறைவாகப் போட்டு, நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசி, லேபிளில் அனுமதி இருந்தால் மிதமான சூட்டில் காயவைத்தால் பல கோட்டுகளில் சொட்டு மறுபடி உருள ஆரம்பிக்கும். ஃபேப்ரிக் சாஃப்ட்னர் மட்டும் ஊற்றிவிடாதீர்கள்.